வில்லி-நில்லி: வேண்டாவெறுப்பாகவா, கண்டபடியா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் என் சீனியர் அனுப்பிய மின்னஞ்சலில் 'ப்ளீஸ் டோன்ட் புல் வவுச்சர்ஸ் வில்லி-நில்லி' என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வீட்டில் இருந்த பழைய ஆங்கில அகராதியைப் பார்த்தேன். 'விரும்பியோ விரும்பாமலோ' என்று போட்டிருந்தது. வேண்டாவெறுப்பாக வேலை செய்கிறேன் என்கிறாரே என்று மனசு ஒடிந்துபோனது. 'நான் விருப்பத்தோடுதான் செய்கிறேன்' என்று பதிலும் அனுப்பிவிட்டேன். அவர் 'நான் அதைச் சொல்லவில்லையே' என்று மட்டும் எழுதினார். பிறகு இணையத்தில் தேடினால் 'தாறுமாறாக' என்று பொருள் வருகிறது. எது சரி? இந்தச் சொல்லை நான் அறிக்கையில் எழுதலாமா? தமிழில் இதை எப்படிச் சொல்வது? இப்போது அவருக்கு என்ன பதில் எழுதுவது என்றும் தெரியவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மனதில் இருக்கும் பாரத்தை இறக்கி வையுங்கள். உங்கள் சீனியர் உங்கள் மனதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 'வவுச்சர்களைக் கைக்கு வந்தபடி உருவ வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கிறார். அவர் பேசியது நீங்கள் வேலை செய்த முறையைப் பற்றி. உங்கள் ஈடுபாட்டில் அவர் குறை காணவில்லை.

உங்கள் அகராதியும் பொய் சொல்லவில்லை. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, இரண்டுமே இன்றும் உயிரோடு இருக்கின்றன. பழைய பொருள் அகராதியில் உங்களுக்குக் கிடைத்தது. புதிய பொருளில் சீனியர் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். நான் மொழிபெயர்ப்பும் பிரதி திருத்தமும் தொழிலாகச் செய்கிறவன். இந்தச் சொல்லில் இடறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் உட்பட. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'வில்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் எதிர்காலம் காட்டும் துணைவினை. பழைய ஆங்கிலத்தில் அது 'விரும்பு' என்ற முழு வினை. அதற்கு எதிர்மறையாக இன்னொரு வினை இருந்தது: 'நில்'. தமிழ் 'நில்' என்பதோடு அதற்கு உறவு கிடையாது. 'நெ' என்ற பழைய மறுப்புச் சொல் 'வில்'லோடு ஒட்டிக்கொண்டு பிறந்தது அது. 'எவர்' முன்னால் 'நெ' சேர்ந்து 'நெவர்' ஆனதும் இதே வழியில்தான். ஆக, 'வில் ஐ, நில் ஐ' என்றால் 'நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்'. 'வில் ஹி, நில் ஹி' என்றால் 'அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்'. வாயில் உருண்டு உருண்டு, நான், நீ, அவன் என்ற வேறுபாடெல்லாம் தேய்ந்து, 1600களின் தொடக்கத்தில் 'வில்லி-நில்லி' என்ற ஒரே வடிவம் எழுத்தில் வந்துவிட்டது. 'ஷில்லி-ஷாலி' என்று ஒரு சொல் உண்டு, முடிவெடுக்காமல் ஊசலாடுவது என்று பொருள். அதுவும் 'ஷால் ஐ, ஷால் ஐ', 'செய்யவா, செய்யவா' என்று ஒருவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டதிலிருந்து திரண்டதுதான்.

'நில்' என்ற வினை அப்புறம் ஆங்கிலத்தில் செத்துப்போனது. இந்த ஒரு தொடருக்குள் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. 'இசகுபிசகு' என்கிறோம். 'கணக்கு பிசகிவிட்டது' என்று பிசகைத் தனியாகவும் சொல்வோம். 'இசகிவிட்டது' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஜோடி இருப்பதால் மட்டும் பிழைத்திருக்கும் சொல் அது.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆங்கிலம் படிக்கும் தமிழர்களுக்கு இந்தச் சொல் அந்நியமாகப்படுவது எனக்கு வியப்பாகவே இருக்கும். ஏனென்றால் மறுப்பை வினைக்குள்ளேயே வைத்துப் பேசுவது நம் மொழியின் இயல்பு. வேண்டுவேன், வேண்டேன், அறிவேன், அறியேன். 'இல்லை' என்று தனியாக ஒரு சொல்லைக் கொண்டுவராமல் வினையே மறுக்கிறது. குறளின் நான்காவது பாட்டு 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்று தொடங்குகிறது. விருப்பு, வெறுப்பு இரண்டையும் ஒரே வேரிலிருந்து எடுத்து அருகருகே நிறுத்துகிறார் வள்ளுவர். 'வில்', 'நில்' ஜோடியின் கட்டுமானமும் இதுதான். லத்தீனிலும் 'நோலென்ஸ் வோலென்ஸ்' என்று ஒரு தொடர் உண்டு. விரும்பாமலும் விரும்பியும் என்று பொருள். அங்கேயும் முதல் சொல் இரண்டாவதின் மறுப்பு.

ஷேக்ஸ்பியரிடம் இந்தத் தொடர் பழைய முழு வடிவத்திலேயே இருக்கிறது. 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தில் பெட்ருச்சியோ, கேத்ரினாவிடம் நீ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உன்னை மணப்பேன் என்கிறான். 'ஹேம்லட்'டில் கல்லறை தோண்டுகிறவன், நீரில் மூழ்கி இறந்தவளைப் பற்றித் தன் தோழனோடு வாதாடுகிறான். ஒருவன் தானாக நீரை நோக்கிப் போய் மூழ்கினால், அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் போனது போனதுதான் என்பது அவன் வாதம். இரண்டு இடத்திலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விருப்பம் உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அது கணக்கிலேயே வரவில்லை.

உங்களைப் புண்படுத்தியது இந்த நுட்பம்தான். 'விரும்பியோ விரும்பாமலோ' என்று அகராதி சொன்னதை நீங்கள் 'வேண்டாவெறுப்பாக' என்று எடுத்துக்கொண்டீர்கள். பழைய பொருளிலேயே எடுத்தாலும் அது சரியாகாது. வேண்டாவெறுப்பாக ஒரு வேலையைச் செய்தால் செய்கிறவருக்கு வெறுப்பு இருக்கிறது, அது முகத்தில் தெரிகிறது. வில்லி-நில்லியில் வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. வயது ஏறுவது போல அது. நாம் ஆசைப்பட்டாலும் ஏறும், அழுதாலும் ஏறும். மனமில்லாமல் செய்வதற்கு ஆங்கிலத்தில் 'ரிலக்டன்ட்லி' என்றோ 'ஹாஃப்-ஹார்ட்டட்லி' என்றோ எழுதுவார்கள். உங்கள் சீனியர் அதைச் சொல்ல நினைத்திருந்தால் அந்தச் சொற்களில் ஒன்றைத்தான் எடுத்திருப்பார்.

சரி, 'விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்' எப்படி 'கண்டபடி' ஆனது? எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1859இல் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் உமர் கய்யாமை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கவிமணி தமிழில் தந்த உமர் கய்யாமைப் படித்தவர்களுக்கு அந்தக் கவிதைகளின் மனநிலை தெரிந்திருக்கும். ஃபிட்ஸ்ஜெரால்டின் ஒரு நாலடியில் இந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. ஏன் என்றும் எங்கிருந்து என்றும் தெரியாமல் நீரைப் போல இந்த உலகுக்குள் வந்தேன், எங்கே என்று தெரியாமல் பாலைவெளியில் வீசும் காற்றைப் போல வெளியேறுகிறேன் என்பது அதன் சாரம். நீர் வில்லி-நில்லியாகப் பாய்கிறது, காற்று வில்லி-நில்லியாக வீசுகிறது. இங்கே எந்தப் பொருளை எடுப்பீர்கள்? நீருக்கு விருப்பம் ஏது, விருப்பமின்மை ஏது? தன் விருப்பமில்லாமல் பாய்கிறது என்றும் படிக்கலாம். இலக்கில்லாமல் போன போக்கில் பாய்கிறது என்றும் படிக்கலாம். இரண்டும் பொருந்துகிறது. விருப்பம் என்ற ஒன்று நடுவில் இல்லை என்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லை என்றால் ஒழுங்கும் இல்லை. பழைய பொருளிலிருந்து புதிய பொருளுக்குப் போகும் வழி அந்த நான்கு அடிகளில் கண்ணுக்குத் தெரிகிறது.

நம் மொழியிலும் இதே நடை நடந்திருக்கிறது. 'இஷ்டம்' என்றால் விருப்பம். 'உங்கள் இஷ்டம்' என்றால் மரியாதையான பேச்சு. 'இஷ்டத்துக்கு எழுதி வைத்திருக்கிறான்' என்றால்? ஒரு வரைமுறையும் இல்லாமல் எழுதி வைத்திருக்கிறான் என்று பொருள். 'மனம்போன போக்கில்' என்பதிலும் மனம் இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை. விருப்பத்தைச் சொல்லும் சொல், ஒழுங்கின்மையைச் சொல்லும் சொல்லாக நழுவிப்போவது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து இல்லை. நேரும் மறுப்பும் சேர்ந்த ஜோடிகளும் நம்மிடம் இப்படி நகர்ந்திருக்கின்றன. 'பட்டும் படாமலும் பேசினார்' என்றால் தொடுவதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, பிடிகொடுக்காமல் பேசினார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். 'கண்டும் காணாமலும் இருந்தார்' என்றால் பார்வைக் குறைபாடு இல்லை, தெரிந்தே விட்டுவிட்டார் என்று பொருள்.

எனவே புதிய பொருள் தவறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அப்படிச் சொல்லும் பழைய ஆசிரியர்கள் உண்டு. சொல்லின் பிறப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லதுதான். ஆனால் இன்று அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் பெரும்பாலும் 'கண்டபடி' என்ற பொருளில்தான் இது வருகிறது. பிறப்பை மட்டும் பார்த்துப் பொருள் கொண்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஒரு வாரமாக அனுபவித்துவிட்டீர்கள்.

நான் இடறியது எதிர்ப்பக்கம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வரலாற்றுக் கட்டுரையை மொழிபெயர்த்தேன். சிறிய நாடுகள் பெரிய வல்லரசுகளின் சண்டைக்குள் வில்லி-நில்லியாக இழுக்கப்பட்டன என்று ஒரு வாக்கியம். எனக்குத் தெரிந்தது புதிய பொருள் மட்டும்தான். 'தாறுமாறாக இழுக்கப்பட்டன' என்று எழுதிவிட்டேன். பதிப்பாசிரியர் விளிம்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார். 'விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இழுக்கப்பட்டன' என்று இருந்திருக்க வேண்டும். எழுதியவர் சொல்ல வந்த கொடுமையே அந்த நாடுகளை யாரும் கேட்கவில்லை என்பதுதான். என் சொல் அதை அழித்துவிட்டது. அந்தக் கேள்விக்குறியை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் வழி இது. வாக்கியத்தில் யார் மீது காரியம் நடக்கிறது என்று பார்ப்பேன். ஒருவர் இழுக்கப்படுகிறார், தள்ளப்படுகிறார், சிக்கிக்கொள்கிறார், மாற வேண்டியதாகிறது என்றால் பெரும்பாலும் பழைய பொருள். அவருடைய விருப்பம் கேட்கப்படவில்லை. ஒருவர் தாமே எதையோ கொடுக்கிறார், செலவழிக்கிறார், வெட்டுகிறார், சேர்க்கிறார், எடுக்கிறார் என்றால் பெரும்பாலும் புதிய பொருள். அவர் யோசிக்காமல் செய்கிறார். உங்கள் வாக்கியத்தில் வவுச்சரை எடுப்பவர் நீங்கள். எடுக்கும் அதிகாரமும் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அங்கே 'கண்டபடி' தவிர வேறு பொருள் வர வழியில்லை. சில வாக்கியங்கள் இரண்டு பக்கமும் சாயும். அப்போது முன்னும் பின்னும் இரண்டு வாக்கியம் படித்துத்தான் ஆக வேண்டும்.

எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டீர்கள். இது பேச்சுக்கு நெருக்கமான சொல். பெரும்பாலும் வினைக்குப் பிறகு, வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும், உங்களுக்கு வந்த வரியில் இருப்பது போல. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாகவும் வரும்: 'வில்லி-நில்லி ஸ்பெண்டிங்' என்றால் வரைமுறையில்லாத செலவு. எழுதும்போது நடுவில் இணைப்புக்கோடு போடுவது வழக்கம். 'யூ கான்ட் ஜஸ்ட்' என்று தொடங்கி, இப்படியெல்லாம் செய்துவிட முடியாது என்று மறுக்கும் வாக்கியங்களில் இது அடிக்கடி வருவதைப் பார்ப்பீர்கள். புதிய பொருளில் இது எப்போதுமே ஒரு குறையைச் சுட்டும். பாராட்டாக வராது. ஒருவர் சுதந்திரமாக, இயல்பாகச் செயல்பட்டதைப் புகழ நினைத்து இதை எழுதிவிடாதீர்கள், அவர் வருத்தப்படுவார்.

தெரிந்தவருக்கு எழுதும் மின்னஞ்சலில் இருக்கலாம். அறிக்கையில் வேண்டாம். அறிக்கையைப் படிப்பவர் உங்களைப் போலவே பழைய பொருளை எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டு பொருள் உள்ள சொல்லைப் பொறுப்புள்ள ஆவணத்தில் வைப்பது நல்லதல்ல.

அப்படியானால், ஒழுங்கில்லாமல் என்று பொருள் தரும் 'ஹேப்ஹேசர்ட்' என்ற சொல்லாக மாற்றிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். பொது எழுத்தில் தாராளமாக மாற்றலாம். உங்கள் துறையில் மட்டும் கூடாது. காரணம் சொல்கிறேன், உங்கள் வேலைக்கு இது கட்டாயம் தேவை.

தணிக்கையில் மாதிரி எடுப்பதற்கான, அதாவது எல்லா ஆவணத்தையும் பார்க்காமல் சிலவற்றை மட்டும் எடுத்துச் சரிபார்ப்பதற்கான, சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஏ 530. மாதிரி எடுக்கும் முறைகளை அதன் பின்னிணைப்பு ஒன்று வரிசைப்படுத்துகிறது. அதில் 'ஹேப்ஹேசர்ட் செலக்‌ஷன்' என்பது பெயர் பெற்ற ஒரு முறை. கட்டமைந்த உத்தி எதையும் பின்பற்றாமல் தணிக்கையாளர் தாமே மாதிரியைத் தேர்ந்தெடுப்பது அது. ஆனால் தெரிந்தே ஒருபக்கம் சாயக் கூடாது. தேட சிரமமான ஆவணத்தைத் தவிர்ப்பது, பக்கத்தின் முதல் பதிவையோ கடைசிப் பதிவையோ எப்போதும் எடுப்பது அல்லது எப்போதும் விடுவது, இதெல்லாம் ஆகாது. எல்லா ஆவணத்துக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். புள்ளியியல் முறையில் மாதிரி எடுக்கும்போது இந்த முறை பொருந்தாது என்றும் அதே பின்னிணைப்பு சொல்கிறது. அகராதியில் 'ஒழுங்கற்ற' என்று பொருள் தரும் சொல்லுக்கு உங்கள் துறையில் இத்தனை கட்டுப்பாடு இருக்கிறது பாருங்கள். உங்கள் அறிக்கையில் 'ஹேப்ஹேசர்ட்' என்று எழுதினால், படிக்கும் தணிக்கையாளர் நீங்கள் ஓர் அங்கீகரிக்கப்பட்ட முறையைப் பின்பற்றியதாக எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிராக இருக்கலாம்.

'ரேண்டம்' இன்னும் கண்டிப்பானது. பேச்சில் 'ரேண்டமா ஒன்று எடு' என்று சொல்லிவிட்டு, கைக்கு வந்ததை எடுக்கிறோம். பாடநூல்கள் இதைச் 'சமவாய்ப்பு' என்று தமிழாக்கியிருப்பது எவ்வளவு பொருத்தம்! தேர்வில் நம் கையும் கண்ணும் தலையிடாமல் இருக்க எண்ணட்டவணையோ கணினியோ எண்களைத் தர வேண்டும். நாமாக 'சும்மா' எடுத்தால், நமக்கே தெரியாமல் மேலே இருப்பதையும், மெலிந்த கோப்பில் இருப்பதையும், சுத்தமாக அச்சாகியிருப்பதையும்தான் கை தேடும். ஆக, 'ரேண்டம்' என்பது கட்டுப்பாட்டோடு வரும் எதேச்சை. 'ஹேப்ஹேசர்ட்' என்பது கவனத்தோடு வரும் எதேச்சை. 'வில்லி-நில்லி'யில் கட்டுப்பாடும் இல்லை, கவனமும் இல்லை. உங்கள் சீனியர் தணிக்கைச் சொற்கள் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை எடுத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அறிக்கையில் இந்தக் குறையைச் சொல்ல நேர்ந்தால், அடைமொழியே வேண்டாம். 'இந்த ஆவணங்கள் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது பதிவு செய்யப்படவில்லை' என்று நடந்ததை எழுதுங்கள். ஆங்கிலத்திலும் அப்படியே.

'ஹேப்ஹேசர்ட்' பிறந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஹேப்' என்றால் பழைய வழக்கில் அதிர்ஷ்டம், தற்செயல். 'ஹேப்பன்', 'பெர்ஹேப்ஸ்', 'மிஸ்ஹேப்' எல்லாம் அதன் பிள்ளைகள். 'ஹேப்பி' கூட முதலில் அதிர்ஷ்டம் வாய்த்தவர் என்ற பொருளில்தான் இருந்தது. 'ஹேசர்ட்' என்பது ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். குழப்பத்தைக் குறிக்கும் 'அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்' என்ற மரபுத்தொடரையும் அறிஞர்கள் பகடையோடுதான் சேர்க்கிறார்கள். அதற்கு ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. லண்டனில் தையற்காரர் சங்கமும் தோல் வணிகர் சங்கமும் வரிசையில் ஆறாவது இடம் யாருக்கு, ஏழாவது யாருக்கு என்று சண்டையிட்டன. 1484இல் மேயர் ராபர்ட் பில்லெஸ்டன் ஆண்டுக்கு ஆண்டு மாறி மாறி நில்லுங்கள் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு உண்மை. ஆனால் அந்தத் தொடர் அங்கே பிறக்கவில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஆங்கிலக் கவிஞர் சாசர் உலகை ஆறிலும் ஏழிலும் பணயம் வைப்பதைப் பற்றி எழுதிவிட்டார். நல்ல கதை கிடைத்தால் உடனே பிறப்பு வரலாறு என்று நம்பிவிடக் கூடாது. 'வில்லி-நில்லி' ஒன்றுதான் இந்தக் கூட்டத்தில் பகடை மேசையிலிருந்து வராமல் மனித மனத்திலிருந்து வந்தது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் அதனால்தான்.

தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடாதீர்கள். 'தாறுமாறாக' என்பதை நம் அகராதிகள் தயங்காமல் தருகின்றன. ஆனால் அது பெரும்பாலும் பொருள்கள் கிடக்கும் கோலத்தையோ, வண்டி ஓடும் விதத்தையோ சொல்லும். வவுச்சரைத் தாறுமாறாக எடுத்தாய் என்றால் கோப்பைக் கலைத்துப் போட்டுவிட்டாய் என்றுதான் கேட்பவர் நினைப்பார். கண்டபடி, கைக்கு வந்தபடி, வகைதொகையில்லாமல், வரைமுறையில்லாமல், மனம்போன போக்கில், இவை தேர்வில் உள்ள குறையைச் சொல்லும். பணத்தைப் பற்றியதா? 'வகைதொகையில்லாமல் செலவழித்தார்கள்' என்பதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது. அதிகாரத்தில் இருப்பவர் விதியை மாற்றுகிறாரா? 'இஷ்டத்துக்கு மாற்றுகிறார்'. சிரத்தையில்லாமல் செய்த வேலை என்றால் 'ஏனோதானோவென்று'. ஆனால் அது ஆங்கிலத்தில் 'ஸ்லாப்டேஷ்' என்ற சொல்லுக்குத்தான் பக்கம், வில்லி-நில்லிக்கு அல்ல. அவசரமும் குழப்பமும் சேர்ந்தால் 'அரக்கப்பரக்க', அது 'ஹெல்டர்-ஸ்கெல்டர்'. ஒருமுறை வாய்க்கும், ஒருமுறை வாய்க்காது என்று பலனில் நிச்சயமில்லாததை 'ஹிட் ஆர் மிஸ்' என்பார்கள். அதைக் 'குருட்டாம்போக்கு' என்று சொல்லலாம். 'சகட்டுமேனிக்கு' என்பதில் வேறுபாடு பார்க்காமல் எல்லாரையும் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும் தொனி இருக்கிறது. 'சகட்டுமேனிக்குத் திட்டினார்' சரி. 'சகட்டுமேனிக்கு இரண்டு வவுச்சர் எடுத்தார்' ஒட்டாது.

'கண்டபடி'யில் உள்ள 'கண்ட' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். 'கண்ட நேரத்தில் தூங்காதே', 'கண்டதையும் வாங்காதே' என்று கண்டிக்கிறோம். கண்ணில் பட்டது, அவ்வளவுதான், தேர்வு இல்லை என்ற கருத்து. அதே 'கண்டது' 'கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்' என்ற பழமொழியில் குறையாக இல்லை. அங்கே கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பது பெருமை. ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்த இரண்டு முகத்தையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை, சூழல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வில்லி-நில்லியும் இன்னும் நாலைந்து இடங்களில் உங்கள் கண்ணில் பட்டால் அப்படித்தான் பழகிவிடும்.

பழைய பொருளில் வந்தால் 'விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்' என்று நீட்டி எழுதத் தயங்காதீர்கள். வாக்கியம் நீளமாகிறது என்று தோன்றினால் 'கேட்காமலே இழுத்துவிடப்பட்டார்' என்பது போல வினையை மாற்றிப் பாருங்கள். 'வேண்டாவெறுப்பாக' மட்டும் வேண்டாம்.

கடைசியாக, சீனியருக்கு என்ன எழுதுவது? நீண்ட விளக்கம் தேவையில்லை. பழைய அகராதி பார்த்து அந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன், இப்போது தெளிவாகிவிட்டது என்று ஒரு வரி. அடுத்த வரியில் வேலைக்கு வந்துவிடுங்கள். இனி வவுச்சர்களை நீங்கள் எந்த முறையில் எடுக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்: கணினி தரும் எண்களின்படியா, மொத்த எண்ணிக்கையை மாதிரி அளவால் வகுத்து இத்தனைக்கு ஒன்று என்ற இடைவெளியிலா? எந்த முறை என்று அவர் சொன்னதும், அதையும் தொடங்கிய எண்ணையும் உங்கள் பணித்தாளின் முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.